கணுக்காலுக்குக் கீழயும் எலும்பு இருக்கு சார்: ஆர்த்தோ ஹெச்ஓடிகளுக்கு பழனி மலையில இருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மெடிக்கல் காலேஜ்கள்ல ஆர்த்தோ டிபார்ட்மென்ட் நடத்துற புரொபசர்களுக்கும், பிஜி (எம்.எஸ். மாதிரி மேல்படிப்பு) எக்ஸாம் எடுக்க வர்ற எக்ஸாமினர்களுக்கும், சிலபஸ் கமிட்டியில இருக்குற பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் பழனி மலையில கீழ்மலைப் பக்கம் எலும்பு டாக்டரா இருக்கேன். உங்ககிட்ட படிச்சு முடிச்ச பசங்களும் பொண்ணுங்களும்தான் எங்க பக்கம் வேலைக்கு வர்றாங்க. நல்ல பிள்ளைங்க, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எந்திரிச்சு வர்றாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா மூணு வருஷம் எம்.எஸ். முடிச்சவங்களுக்கு இடுப்பு தெரியுது, முட்டி தெரியுது, தொடை எலும்புக்கு ஆணி அடிக்கத் தெரியுது, கணுக்காலத் தாண்டிக் கீழ போனா மட்டும் "சார் இத மதுரைக்கு அனுப்பிரலாமா"ன்னு நம்ம முகத்தப் பாக்குறாங்க. அனுப்பிரலாம்தான், யாரு வேணாம்னா. கவுஞ்சியில இருந்தோ கிளாவரையில இருந்தோ வர்ற ஆளுக்கு கொடைக்கானல் வர்றதே பாதி நாள், அங்கிருந்து வத்தலகுண்டு இறங்கி மதுரை போய் டோக்கன் எடுக்குறதுக்குள்ள அவரு பாதிப் பேரு மாதிரி "போதும்ப்பா"ன்னு வீட்டுக்குத் திரும்பி நாட்டு வைத்தியர்கிட்ட எண்ணெய்க் கட்டு போட்டுக்குவாரு. மே மாசம்னா இன்னும் மோசம், இ-பாஸ் வந்தும் காட் ரோட்டுல ஆம்புலன்ஸ் டூரிஸ்ட் காருக்குப் பின்னாடி நிக்குது.

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பிஜி முடிச்சு வெளிய போற ஒரு ஆளுக்கு பாதத்துலயும் கணுக்கால்லயும் என்னென்ன கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்னு எழுத்துல வைங்க, அத அவங்க கையால செய்யுறத ஒரு சீனியர் பக்கத்துல நின்னு பாத்து கையெழுத்து போடட்டும். சிலபஸ்லதான் எல்லாம் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு, நானும் படிச்சுப் பாத்தேன். பிஜிங்க செஞ்ச கேஸ எழுதி வைக்கிற லாக் புக்கையும் பாத்தேன், பாதம்னு வர்ற இடத்துல எல்லாம் "அப்சர்வ்டு", "அசிஸ்டெட்"னுதான் எழுதியிருக்கு, பாத்தாங்க, கூட நின்னாங்கன்னு அர்த்தம்.

எங்க மலையில என்ன வருதுன்னு சொன்னாத்தான் நான் எதுக்கு இம்புட்டு புலம்புறேன்னு புரியும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை சுத்தி காப்பித் தோட்டம், காப்பிக்கு நிழலா சில்வர் ஓக், சில்வர் ஓக்குல மிளகுக் கொடி. தை பொறந்து மிளகு பறிப்பு ஆரம்பிச்சிருச்சுன்னா ஒத்தை மூங்கில்ல கணு வெட்டி வச்ச ஏணிய மரத்துல சாத்தி ஆளுங்க ஏறுவாங்க, காலையில பனியில மூங்கில் வழுக்கும், இருபது அடி முப்பது அடியில இருந்து விழுவாங்க. நேரா நின்ன வாக்குல விழுந்தா குதிகால்தான் மொதல்ல தரையில படும், மொத்த உடம்பு வெயிட்டும் குதிகாலுக்கு மேல இருக்குற டேலஸ் எலும்பு வழியா ஆப்பு மாதிரி இறங்கி கால்கேனியத்த, அதான் குதிகால் எலும்ப, பொளந்துரும். பாதத்தோட பின்பக்கமும் நடுவுலயும் இருக்குற ஏழு எலும்புல அதிகமா உடையுறதே இந்தக் குதிகால் எலும்புதான். இது பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, எல்லா பாடப் புஸ்தகத்துலயும் இருக்கு.

ஆனா கேஷுவாலிட்டில நடக்குறது என்ன? பாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பாங்க, சைடுல ஒண்ணு எடுப்பாங்க, குதிகாலுக்குன்னு இருக்குற ஆக்சியல் வியூ கேக்க மாட்டாங்க. குதிகால் எலும்பு எம்புட்டு நசுங்கியிருக்குன்னு காட்டுற போலர் ஆங்கிள் அளந்து பாக்கச் சொன்னா 20ல இருந்து 40 டிகிரின்னு நம்பர் டக்குனு வாயில வருது, ஃபிலிம்ல எந்த மூணு பாயின்ட்ட வச்சு கோடு போடணும்னு கேட்டா பேனா நின்னுருது. இன்னொரு காலத் தொட்டுப் பாக்குறது இல்ல. முதுகத் திருப்பித் தட்டிப் பாக்குறது இல்ல, குதிகால் உடைஞ்சவங்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு இடுப்புப் பக்கம் முதுகெலும்பும் உடைஞ்சிருக்கும்னு படிச்சவங்கதான் இவங்க. அப்பறம் வீக்கத்து மேலயே சுத்தி முழு மாவுக்கட்டு போட்டு அனுப்பிருவாங்க. மறுநாள் ராத்திரி வலி தாங்காம அந்த ஆளு கத்துவாரு, பாதத்துக்குள்ள பிரஷர் ஏறி தசை செத்து, ஆறு மாசம் கழிச்சு விரல் எல்லாம் மடங்கி கொக்கியா நிக்கும். தோட்டத்துல சரிவுல நிக்கணும்னா விரல் ஊனணும், விரல் ஊன முடியாத ஆளுக்கு அங்க வேலை கிடையாது.

குதிகாலுக்குப் பெரிய கீறல் போட்டு பிளேட் வைக்கிறத எல்லா பிஜியும் கத்துக்கணும்னு நான் சொல்லவே இல்ல. பிரிட்டன்ல பண்ணி 2014ல வெளியிட்ட ட்ரையல் உங்களுக்குத் தெரியும், ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் பண்ணாதவங்களுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு வலியிலயோ நடையிலயோ பெருசா வித்தியாசம் தெரியல, இன்ஃபெக்‌ஷன் மாதிரி சிக்கல்தான் ஆபரேஷன் பக்கம் அதிகமா வந்துச்சு. எல்லா வகை உடைவுக்கும் அது பொருந்துமான்னு சண்டை இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, ஓடட்டும். பிஜிக்குத் தெரிய வேண்டியது அதுக்கு முந்தின படி: காலத் தூக்கி வச்சு, ஸ்லாப் (ஒரு பக்கம் மட்டும் வைக்கிற மாவுக்கட்டு) மட்டும் போட்டு, கொப்புளம் வந்துச்சான்னு தினம் பாத்து, தோல்ல சுருக்கம் திரும்ப விழுற வரைக்கும் வாரம் பத்து நாளு பொறுமையா இருந்து, பீடி குடிக்கிறவரா, சுகர் இருக்கான்னு கேட்டு, அப்பறம் யாரு மேல கத்தி வைக்கலாம் யாரு மேல வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்றது. இத தியேட்டர்ல கத்துக்க முடியாது. வார்டுல ஒரே பேஷன்ட்ட தினமும் போய்ப் பாத்தாத்தான் வரும், நம்ம ஊர்ல பிஜிய வார்டுல நிக்க விடாம பேப்பர் எழுதவும் ஸ்கேனுக்குத் தள்ளு வண்டி தள்ளவும் வச்சிருக்கோம், அது தனிக் கதை.

கணுக்கால் உடைவு கொஞ்சம் பரவாயில்ல, ஓரளவு செய்யுறாங்க. உடைவ வகை பிரிக்கிற வெபர் ஏ பி சி எல்லாம் சொல்றாங்க. ஆனா பக்கவாட்டு எலும்புல பிளேட் வச்சு எக்ஸ்ரே அழகா வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க, கீழ்க்கால் எலும்பு ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற சின்டெஸ்மோசிஸ்ஸ இழுத்துப் பாக்குறது இல்ல. டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளிய நகந்தாலே மூட்டோட தொடு பரப்பு 42 சதவீதம் குறையுதுன்னு ராம்சேயும் ஹாமில்டனும் 1976லயே காட்டிட்டாங்க. சரிவுல கூடை சுமக்குற பொம்பளைக்கு அந்த 1 மில்லிமீட்டர் அஞ்சு வருஷத்துல மூட்டுத் தேய்மானமா வந்து நிக்கும். அமெரிக்காவுல ஆர்த்தோ ரெசிடென்ட் அஞ்சு வருஷத்துல குறைஞ்சது 15 கணுக்கால் ஃபிக்சேஷன் (உடைஞ்சதப் பொருத்துறது), கணுக்கால், பின்பாதம், நடுப்பாதம் சேத்து 5 ஃபியூஷன் (மூட்ட ஒட்ட வைக்கிறது) பண்ணியிருக்கணும்னு கணக்கு வச்சிருக்காங்க. போக, பாதத்துக்குன்னே பொடியாட்ரிஸ்ட்னு ஒரு தனிப் படிப்பு, அதுக்குத் தனியா மூணு வருஷ ரெசிடென்சி. நமக்கு அந்த ஆளுங்களே கிடையாது, பாதம்னா கடைசியில ஆர்த்தோ பிஜி தலையிலதான் விழுது, இல்லாட்டி சர்ஜரி பிஜி தலையில. அவங்க நம்பர அப்படியே காப்பி அடிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், நம்பர் போட்டா நம்ம பசங்க நம்பர எழுதிருவாங்க, அதுல கில்லாடிங்க. ஆனா "இது குறைஞ்சபட்சம்"னு ஒரு கோடே இல்லாம எப்படி சார்?

அரிவாள் வெட்டு இன்னொண்ணு. கவாத்து எடுக்கும்போது, களை வெட்டும்போது, இப்பல்லாம் புல்லு வெட்டுற மெஷின்லயும், குதிகாலுக்கு மேல பின்பக்கம் வெட்டு விழும். கேஷுவாலிட்டில தோலுக்கு மட்டும் நாலு தையல் போட்டு டிடி ஊசி போட்டு அனுப்பிருவாங்க. விரல அசைக்கிறாரு, பாதத்தக் கொஞ்சம் கீழ அமுக்குறாரு, அப்ப குதிகால் தசைநாண் நல்லா இருக்குன்னு கணக்கு. குப்புறப் படுக்க வச்சு கெண்டைக்கால ஒரு அமுக்கு அமுக்கினா பாதம் அசையுதா இல்லையான்னு தெரிஞ்சிரும், பத்து செகண்ட் வேலை, காசு இல்ல மெஷின் இல்ல. மூணு மாசம் கழிச்சு நொண்டிக்கிட்டு வரும்போது அது சாதாரண ரிப்பேர் கிடையாது.

இப்ப சுகர் கால். இதப் பத்தித்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம்.

ஆர்த்தோ பிஜிய கேட்டா அது சர்ஜரி கேஸ்ங்குறாரு. சர்ஜரி பிஜி, எலும்பு தெரியுது, ஆர்த்தோவுக்கு அனுப்புங்கன்னு எழுதுறாரு. மெடிசின்ல சுகர் மாத்திரை மாத்தி எழுதுறாங்க. மூணு பேரும் எழுதுன ஓபி சீட்ட வச்சுக்கிட்டு அந்த ஆளு மலை ஏறி எங்ககிட்ட வர்றப்ப ரெண்டு விரல் கறுத்திருக்கும். மேல்மலையில குளிருக்கு ராத்திரி அடுப்புப் பக்கம் கால நீட்டிப் படுக்குறது, சுடுதண்ணிப் பையக் காலடியில வைக்கிறது எல்லா வீட்டுலயும் உண்டு. உணர்ச்சி செத்த காலுக்கு சுடுறது தெரியாது, விடிஞ்சு பாத்தாத்தான் தோல் உரிஞ்சிருக்கும். இத எந்தப் புஸ்தகமும் எங்க ஊருக்குன்னு எழுதல, ஆனா 10 கிராம் மோனோஃபிலமென்ட், அதான் உணர்ச்சி பாக்குற நைலான் இழை, வச்சு அமுக்கிப் பாத்து, 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் வச்சுப் பாத்து, "உங்க காலுக்கு உணர்ச்சி கம்மி, இனிமே அடுப்புப் பக்கம் நீட்டாதீங்க, வெறுங்காலோட நடக்காதீங்க"ன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அந்த விரல் இருக்கும். மூணு வருஷத்துல ஒரு தடவை கூட மோனோஃபிலமென்ட்ட கையில எடுக்காத எம்.எஸ். ஆர்த்தோவ நான் பாத்திருக்கேன், ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல.

அடுத்தது ஷார்கோ, உணர்ச்சி செத்த கால்ல எலும்பும் மூட்டும் நொறுங்குறது. கால் வீங்கி செவந்து சூடா இருக்கு, வலி பெருசா இல்ல, காய்ச்சல் இல்ல, புண்ணும் இல்ல. உடனே செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில கிருமித் தொற்று)னு ஆன்டிபயாடிக் ஏத்துறாங்க, ஒரு வாரம், ரெண்டு வாரம், பேஷன்ட் நடந்துக்கிட்டே இருக்காரு, உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டே இருக்கு. கால மேல தூக்கி வச்சு கொஞ்ச நேரத்துல செவப்பு வடியுதான்னு பாக்கலாம், ரெண்டு பாதத்துக்கும் சூடு எம்புட்டு வித்தியாசம்னு தொட்டுப் பாக்கலாம், புண் இருந்தா குச்சி விட்டு எலும்பு தட்டுதான்னு பாக்கலாம். அப்பறம் டோட்டல் கான்டாக்ட் காஸ்ட், பாதத்தோட ஒட்டிப் போடுற கட்டு, மாவு தண்ணி பஞ்சு இருந்தா போதும், எங்க ஆஸ்பத்திரியிலயே போடலாம். போடத் தெரிஞ்ச ஆளுதான் இல்ல. தப்பாப் போட்டா அந்தக் கட்டே புண்ணாக்கிரும், அதனால பயந்து யாரும் தொடுறது இல்ல. பயப்படுறது சரிதான், அதான் உங்ககிட்ட இருக்கும்போதே கத்துக்குடுங்கன்னு கேக்குறேன்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உணர்ச்சி இல்லாத காலப் பத்தி உலகத்துக்குப் பாடம் போனதே நம்ம ஊர்ல இருந்துதான். பால் பிராண்ட் 1914ல கொல்லிமலையில பொறந்தவரு, 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோய்க்காரங்க கை, கால்ல வேலை செஞ்சாரு. விரல் உதிர்றது கிருமி தின்னு இல்ல, வலி தெரியாம தினமும் அடிபட்டு அடிபட்டுத்தான்னு அடிச்சுச் சொன்னவரு. மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு, நம்ம ஆளுங்க இன்னைக்கும் எம்சிஆர் செருப்புன்னு கேட்டு வாங்குறாங்களே, அது அந்த வேலூர், பக்கத்து கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி வேலையோட சேந்து வளந்ததுதான். 1966ல அவரு அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாரு, தொழுநோய்க் காலுக்குப் பண்ணதையே அங்க சுகர் காலுக்கும் பண்ணிக் காட்டுனாங்க. அம்புட்டு பெரிய பரம்பரைய வச்சுக்கிட்டு நம்ம பிஜிக்கு எம்சிஆர் செருப்பு எப்படி எழுதிக் குடுக்கணும், எந்த இடத்துல வெயிட்டக் குறைக்கணும், எத்தனை மாசத்துல தேயும்னு ஒண்ணும் தெரியல. செருப்பு தைக்கிற யூனிட்டுக்கு ஒரு வாரம் அனுப்புங்க சார், அங்க இருக்குற அண்ணன்மாருங்க நம்மள விட நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க. கௌரவக் குறைச்சல்னு நினைக்கிற பிஜிய மொதல்ல அனுப்புங்க.

பக்கத்துலயே பழனி இருக்கு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் லட்சக்கணக்குல சனம் பாதயாத்திரை வருது, வெறுங்கால்ல, தார் ரோட்டுல, நாள் கணக்குல. அதுல சுகர்காரங்க எத்தனை பேரு இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. முருகனுக்கு வேண்டிக்கிட்டவங்கள செருப்பு போடுன்னு சொன்னா கேப்பாங்களா, கேக்க மாட்டாங்க, சொல்ற விதத்துல சொன்னா சாக்ஸாச்சும் போடுவாங்க, தினமும் ராத்திரி பாதத்தக் கழுவிக் கண்ணாடில பாத்துட்டுப் படுப்பாங்க. வழியில மெடிக்கல் கேம்ப் போடுறாங்க, கொப்புளத்துக்கு மருந்து தடவி வலி மாத்திரை குடுக்குறாங்க. திண்டுக்கல், மதுரை பக்கத்து ஆர்த்தோ பிஜிங்கள அந்த கேம்ப்புல உக்கார வைங்க, ஒரு வருஷ ஓபில பாக்க முடியாத பாதத்த நாலு நாள்ல பாத்துருவாங்க.

வளைஞ்ச பாதத்தோட பொறக்குற குழந்தைங்க விஷயமும் சொல்லணும். ஆயிரம் பிறப்புக்கு ஒண்ணு ரெண்டு பொறக்கும். எக்ஸாம்ல இத சிடிஇவின்னு ஷார்ட் கேஸா வைக்கிறீங்க, பிள்ளைங்க எம்புட்டு வளைவுன்னு அளக்குற பிரானி ஸ்கோர் போட்டுக் காட்டி பாஸ் ஆகுறாங்க. இங்க வந்து ஒரு குழந்தைய மடியில குடுத்து "கட்டு போடு தம்பி"ன்னா கட்டைவிரல எங்க வைக்கணும்னு தெரியல. டேலஸ் தலையில வைக்கணும், வெளிப்பக்கம் இருக்குற கால்கேனியோகியூபாய்டு மூட்டுப் பக்கம் அமுக்குறது தப்புன்னு, அந்தத் தப்புக்கு கைட் எர்ரர்னு பேரு வச்சே, இந்தக் கட்டு முறையக் கொண்டு வந்த பொன்செட்டி சொல்லிட்டுப் போனாரு. மொதக் கட்டுல முன்பாதத்தத் தூக்கணும், உள்பக்கம் வளைஞ்சிருக்குன்னு வெளிப்பக்கமா முறுக்குனா இன்னும் கெட்டுரும். வாரம் ஒண்ணா அஞ்சாறு கட்டு, பெரும்பாலான குழந்தைக்கு குதிகால் தசைநாண்ல ஒரு சின்ன வெட்டு, அப்பறம் மூணு மாசம் தினம் 23 மணி நேரம் நடுவுல கம்பி வச்ச ஷூ, அதுக்கப்பறம் நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது. திரும்ப வளையுறது பெரும்பாலும் ஷூவ விட்டதாலதான். வெள்ளகெவி மாதிரி ரோடு இல்லாம ஆளுங்கள டோலி கட்டித் தூக்கி வந்த ஊர்ல இருந்து ஒரு அம்மா வாரா வாரம் குழந்தையத் தூக்கிட்டு வரணும்னா, போட்ட கட்டு ஒவ்வொண்ணும் சரியா இருந்தாகணும், கழண்டு விழுந்தா ஒரு வாரம் போச்சு. அந்த அம்மாகிட்ட ஷூவ ஏன் விடக் கூடாதுன்னு மாமியாருக்கும் சேத்துப் புரியுற மாதிரி பேசுறதும் பயிற்சிதான், அதுக்கும் மார்க் போடுங்க.

இத எல்லாம் எப்ப சொல்லிக் குடுக்குறது, நேரம் இல்ல, பாதத்துக்குன்னு ஃபேகல்ட்டி இல்லன்னு சொல்வீங்க. பாதி நியாயம்தான். ஆனா நான் கேக்குறதுல முக்காவாசிக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டியதே இல்ல. முழங்காலுக்கு மேல சுருட்டுன பேன்ட்டோட ரெண்டு காலையும் வெறுங்காலா நிக்க வச்சு, முன்னாடி பாத்து, பின்னாடி பாத்து, நடக்க விட்டுப் பாக்குறது, பழைய செருப்பு எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு திருப்பிப் பாக்குறது, முடியும்னா நிக்க வச்சே எக்ஸ்ரே எடுக்குறது, இதுக்கு என்ன ஃபெலோஷிப் வேணும்? படுக்க வச்சு எடுத்த எக்ஸ்ரேல லிஸ்ஃப்ராங்க், அதான் நடுப்பாத மூட்டுக் காயம், தப்பிச்சுப் போறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆறு வாரம், மூணு வருஷத்துல வெறும் ஆறு வாரம் ஒதுக்குங்க, மாவுக்கட்டு ரூம்ல கொஞ்சம், சுகர் கால் டிரெஸ்ஸிங் ரூம்ல கொஞ்சம், பொன்செட்டி கிளினிக்ல கொஞ்சம். மாவுக்கட்டு ரூம் அண்ணன் கையில பிஜிய ஒப்படைங்க, எங்க எல்லாருக்கும் கட்டு போடக் கத்துக்குடுத்தது அவங்கதான், புரொபசர் இல்ல (கோவிச்சுக்காதீங்க).

கணுக்கால் மாத்து ஆபரேஷன், கணுக்கால் ஆர்த்ரோஸ்கோபி, சாவித் துவார சர்ஜரி எல்லாம் பிஜிக்கு வேண்டாம். பாக்கட்டும், ஆசைப்படட்டும், பின்னாடி ஃபெலோஷிப் போய்க் கத்துக்கட்டும். கான்ஃபரன்ஸ்ல அதுக்குத்தான் கூட்டம், டிரெஸ்ஸிங் ரூம்ல கூட்டம் இல்ல, எனக்கு அது புரியுது.

ஃபைனல் எக்ஸாம்ல ஒரு பாத கேஸ் கட்டாயம்னு வைங்க, அதுவும் வாய்ல சொல்றது இல்ல, கையால செஞ்சு காட்டணும்னு வைங்க. எக்ஸாம்ல வந்தா பிள்ளைங்க தானா கத்துக்குவாங்க, இது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

கடைசியா டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி. மூணு மாசம் பிஜிங்க மாவட்ட ஆஸ்பத்திரி பக்கம் வரணும்னு ரூல் வந்திருக்கு, நல்ல ரூல். நிறைய இடத்துல அது சும்மா கையெழுத்துப் போஸ்டிங்கா ஓடுது, பிள்ளைங்க நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்குப் படிச்சுட்டு இருக்காங்க. அந்த மூணு மாசத்துல ஒரு மாசமாவது மலை தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குச் சேத்து விடுங்க, ரூல்ல என்ன இடம் இருக்கோ அதுக்குள்ள பாத்துக்கலாம். தங்க ரூம் ஏற்பாடு பண்ண நாங்க ரெடி, சாப்பாடு மெஸ்ல சொல்லிரலாம், போன் சிக்னல் மட்டும் கேரன்டி இல்ல. தை, மாசியில அனுப்பினா மிளகு பறிப்பு நடக்கும், குதிகாலும் வரும், தைப்பூச நடைக்காரங்களும் வருவாங்க. ஸ்வெட்டரும், ட்யூனிங் ஃபோர்க்கும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, 128 ஹெர்ட்ஸ், ஈஎன்டிக்காரங்க வச்சிருக்கிற 512 இல்ல.

இப்படிக்கு,
கீழ்மலையில இருந்து ஒரு எலும்பு டாக்டர்